ஏரிமேல் எழுந்த நகர்

நம் ஆலயத்தின் வரலாற்றையும் பங்குத் தந்தையர்கள் ஆற்றிய அரும்பணிகளையும் இம்மலரின் பிற கட்டுரைகள் விரிவாகச் சொல்கின்றன. மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது இந்த ஆலயம் நிற்கும் மண்ணைப் பற்றி. தியாகராயநகர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பட்டுப் புடவையும் நகைக்கடையும் தீபாவளி நெரிசலும்தான். உள்ளூரில் இருக்கும் நமக்கோ, கிரவுண்டு ஒன்றுக்குக் கோடிக் கணக்கில் விலை பேசப்படும் இடம் என்ற பெருமை ஒருபுறம், வண்டி நிறுத்த இடமில்லையே என்ற கவலை மறுபுறம். சற்றேறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே விற்பதற்கு மண்ணே இல்லை, தண்ணீர்தான் இருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை.

பழைய சென்னை வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்தால் விளங்கும். நகரின் மேற்கு ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பெரும் நீர்ப்பரப்பு கிடக்கிறது. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி. அதைத் தொடர்ந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட மற்றோர் ஏரி. நீளமாக இருந்ததால் ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றே எழுதினர். மாம்பலம் ஏரி என்றும் மயிலாப்பூர் ஏரி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. சென்னையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவது. ஆகவே மேற்கிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தேக்க வேண்டுமானால் கரையைக் கிழக்கில் போடவேண்டும். நம் முன்னோர் அப்படித்தான் போட்டனர். மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, அந்த ஏரிக்கரையை ஒட்டியே பரங்கிமலைக்குச் சென்றது. கரையிலிருந்த மதகுகள் வழியாகக் கீழே கிழக்குப் பக்கத்து வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நீர் பாய்ந்தது.

ஏரி போய்விட்டது, பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள்தாம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, உண்டு. 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி உண்டு. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரியின் படுகையில்தான்.

மாம்பலம் என்ற பெயரைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. வில்வ மரங்கள் நிறைந்த தலமாதலால் 'மகாவில்வம்' மருவி மாம்பலம் ஆயிற்று என்பார் ஒரு சாரார். மாம்பழத்தோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. எனக்கு இவற்றைவிடச் சுவையாகத் தோன்றுவது வெள்ளைக்காரர் அந்தப் பெயரைப் படுத்திய பாடு. அவர்கள் வாயில் அது 'மார்மலாங்' ஆயிற்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் கட்டப்பட்ட பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்றே பெயர். அதைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். வேப்பேரியில் ஆலயம் எழுப்பியவரும், பரங்கிமலை ஏறும் திருப்பயணிகளுக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், அதைப் பழுது பார்ப்பதற்கும் பணம் ஒதுக்கி வைத்தார். சாந்தோமிலிருந்து சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் சென்ற எத்தனையோ தலைமுறைத் திருப்பயணிகள் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். 1966-இல் அவ்விடத்தில் புதிய பாலம் வந்தது. அதுவே இன்றைய மறைமலை அடிகள் பாலம். உஸ்கானின் நினைவுக் கல்வெட்டு இன்னும் அருகில் இருக்கிறது. பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்போம்!

இனி ஏரி எப்படி நகராயிற்று என்பதற்கு வருவோம்.

ஓர் ஏரி உயிரோடு இருக்க வேண்டுமானால் அதை நம்பி ஒரு கூட்டம் வாழவேண்டும். ஆண்டுதோறும் வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட அவர்கள்தாம் முன்வருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. கரைக்குக் கீழே இருந்த வயல்கள் தோட்ட பங்களாக்களாயின. குடிநீருக்கும் இந்த ஏரியின் உதவி தேவைப்படவில்லை. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதன்பின் ஊருக்குள் கிடந்த ஏரிகள் ஆட்சியாளர் கண்ணுக்கு வெறும் கொசுப் பண்ணைகளாகவும் வீணாகக் கிடக்கும் நிலமாகவும் தெரிந்ததில் வியப்பில்லை.

மறுபுறம், ஜார்ஜ் டவுன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் தொகை ஐந்தே கால் லட்சத்தை ஒட்டியிருந்தது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் கல்லூரி ஆசிரியர்களும் சந்துகளை விட்டு வெளியேறக் காத்திருந்தார்கள். தோட்ட பங்களா வாங்க அவர்களிடம் பணமில்லை. ஒண்டுக் குடித்தனத்தில் கிடக்க மனமில்லை. 1911-இலேயே மாம்பலத்தில் ரயில் நிலையம் திறந்தாயிற்று. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்போது மாகாணத்தில் ஆட்சி செய்தது நீதிக்கட்சி. 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர். 1923-ஐ ஒட்டி ஏரியை வடித்து, மேடாக்கி, மனை பிரிக்கும் வேலை தொடங்கியது. சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரான சர் பிட்டி தியாகராயச் செட்டியார் 1925-இல் காலமானார். புதிய நகருக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஊரின் நடுவே பனகல் பூங்கா. அதைச் சுற்றிலுமிருந்து அகன்ற சாலைகள் வந்து சேரும்படி ஓர் அமைப்பு. சாலைப் பெயர்களைப் படித்தாலே நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைப் படித்தது போலிருக்கும். 1916-இல் அக்கட்சி தோன்றக் காரணமான மூவரில் தியாகராயர் ஊருக்கே பெயரானார். டாக்டர் நாயர் ஒரு சாலையானார். டாக்டர் நடேசனார் ஒரு பூங்காவானார். உஸ்மான் சாலை, பசுல்லா சாலை, தணிகாசலம் சாலை, ஜி.என். செட்டி சாலை என்று பட்டியல் நீளும். சௌந்தரபாண்டிய நாடார் பெயரே 'பாண்டி பஜார்' ஆயிற்று என்பர். புதுச்சேரிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எழுபதுகளின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்க அரசு ஆணையிட்டது. பெயர்ப் பலகைகள் மாறின. ஆட்டோ ஓட்டுநர்களிடம் இன்றும் பழைய பெயரைச் சொன்னால்தான் எளிதாக வழி பிறக்கிறது.

குடியேறியவர்களின் வீடுகளை இன்னும் சில தெருக்களில் காணலாம். முன்புறம் தூண் வைத்த வராந்தா, சிவப்புக் காரைத் தரை, மெட்ராஸ் டெரஸ் கூரை, பின்புறம் கிணறு, வேலியோரம் மா, தென்னை, வேம்பு. ஏரிப் படுகையாதலால் கிணற்றில் சில அடிகளிலேயே நீர் ஊறும். கடற்கரை வரையிலான ரயில் பாதை 1931-இல் மின்மயமானபின், மாம்பலத்தில் ஏறிக் கோட்டைக்குச் சென்று வேலை பார்த்து மாலையில் திரும்புவது சுலபமாயிற்று. பட்டணத்துச் சம்பளம், கிராமத்துக் காற்று என்று சொல்லத்தக்க வாழ்வு.

ஆனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மேற்கு மாம்பலத்தில் மனைகள் சிறியவை. வடிகால் வசதி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. மாம்பலத்துக் கொசுவும் யானைக்கால் நோயும் சென்னை முழுவதும் கேலிப் பொருளாக இருந்த காலம் உண்டு. பெண் கொடுக்க யோசித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே நிலையத்தின் இரு வாயில்கள், இரண்டு வேறு உலகங்களில் திறந்தன.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுங்கம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் 1925-இல் சேசு சபைக் குருக்கள் லொயோலாக் கல்லூரியைத் தொடங்கினர். அதன் முதல்வர் பெர்த்ராம் அடிகளார். பிள்ளைகள் படிப்பை எண்ணி இப்பக்கம் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. நம் பங்கின் மூத்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இரு வகை தெரியும். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து மனை வாங்கியவர்கள் ஒரு வகை. அந்த வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் தோட்டம் பார்க்கவும் வந்து, கால்வாய் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் குடிசை போட்டுத் தங்கியவர்கள் இன்னொரு வகை. ஞாயிறு திருப்பலியில் இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் முழந்தாளிட்டோம். உட்காரும் இடத்தில் வேற்றுமை இருந்ததா என்றால், எழுதி வைத்த வேற்றுமை இல்லை என்று மட்டும் சொல்வேன்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடப் போகிறார்கள் என்ற அச்சத்தில் சென்னையே காலியானபோது இங்குள்ள வீடுகளும் பூட்டப்பட்டன. போன வேகத்திலேயே மக்கள் திரும்பினர். 1946-இல் நகர எல்லை விரிந்தது. 1951-இல் மக்கள் தொகை பதினான்கு லட்சத்தைத் தாண்டியது. நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏரியின் தென்பகுதியில் சி.ஐ.டி. நகரை அமைத்தது. அந்த டிரஸ்ட்தான் 1961-இல் வீட்டு வசதி வாரியமாயிற்று. பக்கத்துக் கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு நிலையங்கள் பெருகவே, திரை உலகத்தினரும் இங்கே வந்தனர். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் கண்ணதாசனும் என்.எஸ். கிருஷ்ணனும் தியாகராயநகர்வாசிகள். பசுல்லா சாலையில் ராஜாஜி. திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர். முதலமைச்சராக இருந்த காமராசர் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். 1975 அக்டோபர் 2 அன்று அவர் உயிர் பிரிந்ததும் அந்த வீட்டில்தான். அது இன்று நினைவில்லம்.

கடைகள் வந்த கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் இன்று படும் பாட்டுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது. 1928-இலேயே நல்லி சின்னசாமிச் செட்டியாரின் பட்டுக்கடை இங்கே தோன்றிவிட்டது. குடியிருப்போர்க்குப் பாண்டி பஜாரில் மளிகையும் துணியும் கிடைத்தன. அந்த அளவோடு நின்றிருந்தால் இது இன்னமும் ஒரு புறநகராகவே இருந்திருக்கும். ஆனால் மேற்கே ரயில் நிலையம், தெற்கே பேருந்து நிலையம். தாம்பரத்திலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் ரயிலில் வந்தவர்கள் பேருந்து பிடிக்க நடந்தார்கள். பேருந்தில் வந்தவர்கள் ரயிலுக்கு நடந்தார்கள். அவர்கள் நடந்த சிறிய குடியிருப்புத் தெருதான் ரங்கநாதன் தெரு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வாசல் வழியே நடக்கும்போது திண்ணையில் ஒரு கடை போடத் தோன்றாதா? திண்ணை கடையாயிற்று, கடை மாடியாயிற்று, மாடி எட்டுத் திசைக்கும் தெரியும் விளம்பரப் பலகையாயிற்று. ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குத் தப்பி ஓடிவந்தவர்களைத் தேடி ஜார்ஜ் டவுனே வந்து சேர்ந்தது. நெல்லைச் சீமையிலிருந்து வெறுங்கையோடு வந்து, பாத்திரக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் உழைத்து முன்னேறிய வணிகர்களை நான் குறை சொல்லவில்லை. ஏழை எளியவர் மாதச் சம்பளத்தில் நல்ல துணி எடுக்க முடிந்தது அவர்களால்தான்.

நிலத்தின் விலை ஏற ஏற வீடுகள் தாக்குப் பிடிக்கவில்லை. தந்தை நான்கு கிரவுண்டில் கட்டிய வீட்டை ஐந்து பிள்ளைகள் பங்கு போட முடியாது. மேஸ்திரியைக் கூப்பிடுவதற்குப் பதில் பில்டரைக் கூப்பிட்டார்கள். 1994-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். ஒரு கிணறு இருந்த இடத்தில் கார் நிறுத்தம். விதியை மீறிய கட்டடங்களும் எழுந்தன. 2011-இல் ரங்கநாதன் தெருப் பக்கத்துக் கடைகள் பலவற்றுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளி மாளிகை தீப்பிடித்துப் பலமணி நேரம் எரிந்து, பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதை வந்தது. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைமேடை திறக்கப்பட்டது. அன்று ரங்கநாதன் தெரு செய்த வேலையை இன்று ஓர் இரும்புப் பாலம் செய்கிறது.

இவ்வளவுக்கும் அடியில் ஏரி படுத்துக் கிடக்கிறது. மேற்கிலிருந்து வந்த தண்ணீருக்கு இடம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அது பழைய முகவரிக்கே வருகிறது. வடிகாலாக இருப்பது மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கம் பக்கத்தில் தொடங்கித் தியாகராயநகரின் கொல்லைப்புறமாகவே ஓடி, நந்தனம் வழியாக அடையாற்றில் கலக்கிறது. முன்வாசலில் கோலம் போடும் நாம் கால்வாய்ப் பக்கம் முதுகைத்தான் காட்டி வீடு கட்டியிருக்கிறோம். கழிவு நீரும் குப்பையும் கட்டட இடிபாடும் அதற்குள் போகின்றன. அரை மணி நேர மழைக்குத் துரைசாமி சுரங்கப் பாதை நிரம்புவது ஊரறிந்த செய்தி. இதில் ஒரு வேடிக்கை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, ஏரியை மூடி எழுந்த வீடுகள் ஒவ்வொன்றும் முற்றத்தில் குழி வெட்டித் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்ப முயன்றன. நல்ல ஏற்பாடுதான். குழி வெட்டியவர்களுக்குத் தாம் வெட்டுவது ஏரிக்குள் என்பது தெரிந்திருக்காது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை யாரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு பொங்கி, சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தையே தொட்டது. ஆற்றில் கலக்க வேண்டிய கால்வாய் நீர் திரும்பி ஊருக்குள் ஏறியது. சி.ஐ.டி. நகரிலும் நந்தனத்திலும் மேற்கு மாம்பலத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. 2021 நவம்பரில் ஆற்றில் அவ்வளவு வெள்ளமில்லை. ஆயினும் தியாகராயநகர்த் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாயில் நடந்துகொண்டிருந்த வேலையின் இடிபாடுகள் நீரோட்டத்தை அடைத்ததும் ஒரு காரணம் எனப்பட்டது.

வெள்ளம் வடிந்தபின் நடந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மாடியில் இருந்தவர்கள் இறங்கி, தரையைக் கழுவி, காப்பீட்டுக்கு எழுதிப் போட்டு, மோட்டாரைப் பழுது பார்த்து இருந்த இடத்திலேயே இருந்தோம். ஏரியை நிரப்பிக் கட்டிய வீடு எதையும் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. நம்மிடம் அரசு முத்திரையோடு பத்திரம் இருக்கிறது. ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களிடம் பத்திரம் இல்லை. வெள்ளத்துக்கு அவர்களே தடை என்று சொல்லி, அடையாற்றங்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எட்டடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சிறிதானாலும் உறுதியான வீடு, குழாய், மின்சாரம் எல்லாம் உண்டு. அது இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. பெருமழை பெய்தால் அங்கும் கீழே தண்ணீர் நிற்கும்.

தென் சென்னையின் மழைநீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும் சதுப்பு அது. நம் ஏரி 1923-இல் பட்டதை அது இப்போது பட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படிப் போனவர்களில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் நடு ஆண்டில் பெயர் வெட்டி வாங்கிப் போனார்கள். பெண்கள் சிலர் இங்கே பார்த்துவந்த வீட்டு வேலையை விட்டார்கள். வேறு சிலர் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, முன்பு ஐந்து நிமிடம் நடந்து வந்த அதே வீடுகளுக்கு இன்றும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே பக்கத்தில் திருப்பலி காண்கிறார்கள். அது முறையும்கூட.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு மட்டும் இங்கே வருவதை அவர்களில் சிலர் விடவில்லை. குழந்தைகளுக்குப் புதுச்சட்டை மாட்டி, மாலையிலேயே வந்து குடிலருகே உட்கார்ந்து விடுகிறார்கள். பூசை முடிந்து கேக் கொடுத்து எல்லோரும் கார்களில் கலைந்த பிறகு அந்நேரத்தில் அவர்களுக்குப் பேருந்து கிடையாது. ஆலய வளாகத்தில் பாய் விரித்துப் படுத்து, விடிந்து முதல் பேருந்து வந்ததும் போகிறார்கள். சென்ற ஆண்டு அவர்களுக்காக ஒரு வேன் ஏற்பாடு செய்யலாமே என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டோம்.